பள்ளிகொண்டா ஆயாவின் பெயர்

மே 4

பட்டா மாறுதலுக்குப் பழைய பத்திரம் வேண்டும் என்று அப்பா இன்று தகரப்பெட்டியைத் திறந்தார். தாத்தா போன பிறகு யாரும் திறக்காத பெட்டி. பத்திரம் இல்லை. கிஸ்தி, அதாவது நிலவரி, கட்டிய ரசீதுகள்தான் கட்டுக்கட்டாக இருந்தன, எல்லாவற்றிலும் பசலி என்கிற வருவாய்த்துறை ஆண்டுக் கணக்கு. பசலியோடு 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கிய இங்கிலீஷ் வருஷம் வரும், ஜூலையிலிருந்து. பழைய ரசீது பசலி 1351, அதாவது 1941 ஜூலைக்குப் பிறகு கட்டியது.

ரசீதுகளை அடுக்கிக்கொண்டே வம்சத்தை எண்ணிப் பார்த்தோம். தாத்தாவோட அப்பா பெயர் தெரியும், அவருடைய அப்பா பெயரும் தெரியும், ஆனால் தாத்தாவைப் பெற்றவள் பெயர் என்ன? எல்லோருக்கும் அவர் பள்ளிகொண்டா ஆயா, பிறந்த ஊரைச் சொல்லியே கூப்பிட்டுப் பழக்கம். அப்பாவுக்குத் தெரியவில்லை, பெரியப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் போன் போட்டேன், அவர்களுக்கும் தெரியவில்லை. குடியாத்தம் பக்கம் இருக்கிற எங்கள் ஊரில் இப்போது அந்த வயசுக்காரர் யாரும் இல்லை. சரி, ரெக்கார்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கிவிட்டேன்.

மே 9

நிலத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடப்பதுதான் வழி. கம்ப்யூட்டர் பட்டாவில் அப்பா பெயர். அதற்கு முன்னால் எம்.ஜி.ஆர். காலத்தில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யூ.டி.ஆர். பதிவில் தாத்தா. இதற்குள்ளேயே சர்வே நம்பர் ஒரு முறை உட்பிரிவு ஆகியிருந்தது, பழைய நம்பர் எது புது நம்பர் எது என்று பார்க்காமல் போனால் பக்கத்து வீட்டுக்காரன் வம்சத்தைத் தேடிக்கொண்டிருப்போம்.

அதற்கும் முந்தைய, நிலத்துக்கு வரி நிர்ணயித்த செட்டில்மென்ட் பதிவேட்டின் நகலில் திரும்பவும் தாத்தா பெயரே இருந்தது. குதித்தேன். அரை மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது, அந்தப் பதிவு எழுதியபோது தாத்தா பிறக்கவே இல்லை. அது அவருடைய தாத்தா. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற ஊர்களில் பெயர்கள் ஒன்று விட்டு ஒன்று திரும்பி வரும், இன்னார் மகன் இன்னார், அவர் மகன் முதல் இன்னார், இப்படியே. வருஷத்தைப் பார்க்காமல் பெயரை மட்டும் பார்த்தால் இரண்டு தலைமுறை ஒரே தாண்டில் போய்விடும். பேரன் என்ற சொல்லே பெயரன்தானே, அதை மறந்துவிட்டேன்.

இத்தனை பதிவிலும் பொம்பளை பெயர் ஒன்றுகூடக் கிடையாது.

மே 15

சிரசு திருவிழா. கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் வருகிற நாளில் குடியாத்தத்தில் யார் ஆபீஸ் போவார்கள்? கூட்டத்தில் ஒரு மணி நேரம் நின்றேன், செருப்பு ஒன்றைத் தொலைத்ததோடு சரி.

மே 27

தாத்தாவின் பிறப்புப் பதிவு கிடைத்தால் தாய் பெயர் இருக்கலாம் என்ற ஆசை. கிராமங்களில் அந்தக் காலத்தில் மணியக்காரர் எழுதி அனுப்புவார். பெயர் வைக்கும் முன்பே எழுதிவிடுவதால் பாதிக்கு மேல் வெறும் 'ஆண் குழந்தை', 'பெண் குழந்தை' என்றுதான் இருக்குமாம். நான் போன ஆபீஸில் (எது என்று சொல்லவில்லை) ஜமாபந்தி, அதாவது வருஷாந்தரக் கிராமக் கணக்குத் தணிக்கை, நடக்கிறது, எல்லா வி.ஏ.ஓ.க்களும் கணக்கு மூட்டையோடு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், முடிந்த பிறகு வாங்க என்றார்கள். ஒரு பியூன் மட்டும் இரக்கப்பட்டு ரெக்கார்டு ரூமைக் காட்டினார். எனக்கு வேண்டிய வருஷங்களின் கட்டு செல்லரித்து, தொட்டால் மாவாக உதிர்கிறது. கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

சித்தூருக்குப் போய்ப் பார் என்று ஒருத்தர் சொன்னார். 1911 வரை வட ஆற்காட்டுக்குத் தலைநகரம் சித்தூர்தான், தனி ஜில்லா ஆன பிறகுதான் கலெக்டர் வேலூருக்கு வந்தார். எனக்கு வேண்டியது அதற்குப் பிந்தியது, அதனால் போகவில்லை. தவிர, வெயில்.

ஜூன் 10

கிடைத்தது.

இணையத்தில் எங்கள் ஊருக்கு 1975 வரைதான் வில்லங்கம் வருகிறது. அதற்கு முன்னால் மனு கொடுத்து, பதிவு ஆபீஸில் அட்டவணைப் புத்தகத்தைக் கையால் புரட்ட வேண்டும். எங்கள் சர்வே நம்பருக்கு நேராக ஒன்றுமில்லை. பத்திரம் எழுதுபவர் ஒருத்தர், எழுபது வயசிருக்கும், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, உங்க நம்பரை விடுங்க, பக்கத்து நிலத்தோட ஜெக்குபந்தியைப் பாருங்க" என்றார். நாலு பக்க எல்லை. பாகம் பிரித்த நிலத்துக்குப் பக்கத்தில் பெரும்பாலும் பங்காளிதான் இருப்பான், ஒருத்தன் பத்திரத்தில் இன்னொருத்தன் எல்லையாக வருவான்.

பக்கத்து நிலத்தின் 1936 கிரயப் பத்திரத்தில் கிழக்கு எல்லை இப்படி இருந்தது: கொள்ளுத்தாத்தா பெயர், அப்புறம் 'பெண்சாதி அடமான நிலத்துக்கு மேற்கு'. அவர் பெயர் இல்லை, ஆனால் அடமானம் என்ற ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. இரண்டு வருஷம் பின்னால் தள்ளித் தேடினோம்.

1934. பழைய லை, ணை, றா போட்டு, புள்ளி பாதி வைத்துப் பாதி வைக்காமல் நீட்டாக ஓடும் எழுத்து. வட ஆற்காடு ஜில்லா, குடியாத்தம் தாலுக்கா என்று ஆரம்பித்து, காலஞ்சென்ற இன்னார் பெண்சாதியும், மைனர் குமாரனுக்குத் தாயும் கார்டியனுமாகிய... அடுத்த வார்த்தை அவர் பெயர். அந்த மைனர்தான் எங்கள் தாத்தா, அப்போது பதினாலு வயசு இருக்கும். கிஸ்தி பாக்கிக்கும் குடும்பச் செலவுக்கும் ஆயா ரூபாய் 75 வாங்கியிருக்கிறார். பதிவுப் புத்தகம் பார்த்து எழுதிய நகல் என்பதால் ரேகை இல்லை, அந்த இடத்தில் 'கீறல்' (கையெழுத்துக்குப் பதில் போடும் குறி) என்று எழுத்தர் எழுதியிருக்கிறார்.

புருஷன் உயிரோடு இருந்திருந்தால் இந்தப் பத்திரத்தில் ஆயா வந்திருக்கவே மாட்டார். இதை நினைத்துக்கொண்டே காட்பாடி பஸ்ஸில் ஏறி, டிக்கெட் வாங்க மறந்து கண்டக்டரிடம் திட்டு வாங்கினேன்.

ஜூன் 11

பெயரை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று ராத்திரி முழுக்க ஒரு உறுத்தல். காலையில் ஞாபகம் வந்தது. ஆம்பூர் அத்தையின் ரேஷன் கார்டு.

அத்தையை நாங்கள் எல்லோரும் பாப்பா அத்தை என்றுதான் சொல்வோம். மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது, அதனால் எங்கள் ஆயா, அதாவது தாத்தாவின் மனைவி, பெற்ற மகளையே பாப்பா என்று கூப்பிட்டிருக்கிறார், அதுவே நிலைத்துவிட்டது. போன் போட்டேன்.

"எங்க ஆயா பேருதான்டா எனக்கு வச்சது. இதுக்கா ஒரு மாசமா அலையற? என்னை ஒரு வார்த்தை கேட்டியா நீ?"

கேட்கவில்லைதான். ஆம்பளைங்க மூணு பேரையும் கேட்டேன். பத்திரத்தைப் படித்துக் காட்டினேன். கீறல் வரைக்கும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்த அத்தை, கடைசியில், "எழுபத்தஞ்சு ரூபாயைத் திருப்பிக் கட்டினாங்களா?" என்றார்.

நாளை மறுநாள் திரும்பவும் குடியாத்தம் போகிறேன், 1934-க்குப் பிந்தைய அட்டவணைகளைப் பார்க்க.