2.6.32 கெர்னலுக்குப் புது பிஎல்2303 கேபிளைப் பழக்கியது

மதுரைக்கு அருகே கப்பலூர் பக்கம் ஒரு வேபிரிட்ஜில் (லாரி எடை மேடையில்) பில் போடும் கம்ப்யூட்டர். டெபியன் 6 (ஸ்குவீஸ் என்ற லினக்ஸ் பதிப்பு), 32 பிட், கெர்னல் (அதன் மையநிரல்) 2.6.32-5-686. மதர்போர்டில் இருந்த காம் போர்ட் செத்துவிட்டது. எடையைக் காட்டும் இண்டிகேட்டர் ஆர்எஸ்-232 என்ற பழைய சீரியல் இணைப்பு வழியாகத்தான் எண்ணை அனுப்பும், அதனால் யூஎஸ்பி-சீரியல் கேபிள் போட்டே ஆக வேண்டும். கெர்னலை மாற்ற வழியில்லை. பில்லிங் மென்பொருளின் லைசென்ஸ் மாட்யூல் இந்தக் கெர்னலுக்கென்றே கட்டிய பைனரி. சோர்ஸ் யாரிடமும் இல்லை.

டவுன்ஹால் ரோட்டில் வாங்கும் கேபிளின் உறையில் பிஎல்2303 என்று, யூஎஸ்பியைச் சீரியலாக மாற்றும் சிப்பின் பெயர் மட்டும்தான் போட்டிருக்கும். உள்ளே எந்தத் தலைமுறை சிப் என்பது செருகி, மாட்டிய யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையை அடித்தால்தான் தெரியும். 067பி:2303 என்று வந்தால் பழைய சிப், அப்படியே ஓடும். 067பி:23ஏ3 என்று வந்தால் அது எச்எக்ஸ்என் என்ற புதுத் தலைமுறையில் ஜிசி என்ற மாடல். 2.6.32 வெளிவந்தது 2009 டிசம்பரில். எச்எக்ஸ்என்னுக்கான டிரைவர் திருத்தம் எழுதப்பட்டது 2019-ல். இங்கே வந்தது 23ஏ3, இந்தக் கெர்னலின் டிரைவருக்குத் தெரியாத சிப்.

முதலில் எல்லோரும் செய்வது, சிஸ்எஃப்எஸ்ஸில் (கெர்னல் தன் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) டிரைவரின் நியூ_ஐடி கோப்பில் அந்த எண்ணை எழுதுவது. டிடிஒய்யூஎஸ்பி0 என்ற சீரியல் போர்ட் உடனே வந்துவிடும், எடையும் ஓடும். வேகத்தை அமைக்கும் கட்டளை பொதுவானது என்பதால் புது சிப்பும் அதை ஏற்கிறது. இதோடு நிறுத்துவதுதான் ஆபத்து. பழைய டிரைவர் தன் வெண்டர் கட்டளைகளை (சிப் தயாரிப்பாளர் தனியாக வகுத்தவை) 01 என்ற கோரிக்கை எண்ணில் அனுப்புகிறது. எச்எக்ஸ்என்னுக்கு எழுத 80, படிக்க 81 (ஹெக்ஸ், அதாவது பதினாறடிமான எண்கள்). போர்ட்டைத் திறக்கும்போது பைப்பை (தரவு போகும் வழியை) துடைக்கும் கட்டளை இதனால் சிப்புக்குப் போய்ச் சேர்வதில்லை. முன்பு தங்கிய எழுத்துகள் அடுத்த திறப்பில் வந்து விழலாம். போன லாரியின் எடை வந்த லாரியின் பில்லில் ஏற இடம் கொடுக்கவே கூடாது.

புது கெர்னலின் பிஎல்2303.சி-யை எடுத்து இங்கே கட்டப் பார்ப்பது வீண் வேலை. டிரைவரைப் பதிவு செய்யும் முறை, டெர்மியோஸ் (போர்ட்டின் வேகம் முதலான அமைப்புகள்) இருக்கும் இடம், போர்ட் புரோப் (போர்ட்டைத் தயார்படுத்தும் பகுதி) எல்லாமே நடுவில் மாறிவிட்டன. 2.6.32-ன் கோப்பையே வைத்துக்கொண்டு, புதியதில் என்ன செய்கிறார்கள் என்று படித்து அதை மட்டும் சேர்ப்பதுதான் சரி.

சேர்த்தவை: ஐடி அட்டவணையில் 23ஏ3. வகைப் பட்டியலில் எச்எக்ஸ்என். அடையாளம் காண ஒரு சோதனை: யூஎஸ்பி முனை 0-ன் பாக்கெட் அளவு 64 பைட் என்பதால் பழைய கோட் இதை எச்எக்ஸ் என்ற முந்தைய வகை என்றே எடுத்துக்கொள்ளும். அப்படி எடுத்தபின் பழைய கோரிக்கையில் ஹெக்ஸ் 8080-ஐ ஒரு பைட் படிக்கச் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் எச்எக்ஸ்என். படிக்கும் பஃபர் (தற்காலிக நினைவிடம்) கேமல்லாக் மூலம் கெர்னலிடம் கேட்டு வாங்கியதாக இருக்கட்டும், ஸ்டாக்கில் உள்ள மாறியைக் கொடுக்காதீர்கள். எச்எக்ஸ்என் என்று தெரிந்துவிட்டால் 8484, 0404 என்று தொடங்கும் தொடக்க வரிசை முழுவதையும் தாண்டிவிட வேண்டும். திறக்கும் இடத்தில் பழைய சிப்புக்கு ரெஜிஸ்டர் (சிப்பின் அமைப்பு இடம்) 8-லும் 9-லும் 0. இதற்கு ரெஜிஸ்டர் 7-ல் 3, மேலும் கீழும் இரண்டு பைப்பையும் அதுவே துடைக்கும். ஃப்ளோ கண்ட்ரோல் (தரவு ஓட்டத்தை நிறுத்தி விடுவது) ரெஜிஸ்டர் 0ஏ-வில், 1சி என்ற மாஸ்க்குக்குள் (மாற்றக்கூடிய பிட்டுகளுக்குள்): வேண்டாம் என்றால் 1சி, ஆர்டிஎஸ்/சிடிஎஸ் (தனிக் கம்பிகள் வழி கட்டுப்பாடு) என்றால் ஹெக்ஸ் 18.

கட்டுவதற்கு லேப்டாப்பில் டிபூட்ஸ்ட்ராப் என்ற கருவி கொண்டு ஸ்குவீஸ் ஐ386 (32 பிட்) க்ரூட், அதாவது தனி அடைவுக்குள் ஓடும் பழைய டெபியன். பாக்கேஜ்கள் இப்போது டெபியனின் ஆர்கைவ் சர்வரில்தான் இருக்கின்றன. கையெழுத்துச் சாவி காலாவதி ஆனதால் ஜிபிஜி (கையெழுத்துச் சரிபார்ப்பு) சோதனையை அணைத்துத்தான் இறக்க முடியும். கட்டுவது ஜிசிசி 4.3 கம்பைலரில், கெர்னல் ஹெடர்ஸ் பாக்கேஜே அதைக் கேட்டு வாங்கும். புது ஜிசிசி என்றால் அந்தப் பதிப்பு எண்ணுள்ள கம்பைலர் ஹெடர் இல்லை என்று முதல் வரியிலேயே நிற்கும். க்ரூட்டுக்குள் யூநேம் (கெர்னல் பதிப்பைக் காட்டும் கட்டளை) சொல்வது லேப்டாப்பின் கெர்னலை. ஆகவே மேக்ஃபைலில் ஹெடர் பாதையை முழுதாக எழுதி, லினக்ஸ்32-க்குள் (32 பிட் கணினி என்று காட்டும் கட்டளை) மேக் அடிக்க வேண்டும். விட்டால் 64 பிட் என்று நினைத்துக்கொள்ளும்.

கட்டியதும் மாட்இன்ஃபோ கட்டளையில் வெர்மேஜிக் (எந்தக் கெர்னலுக்குக் கட்டியது என்ற குறிப்பு) வரியைப் பாருங்கள். 2.6.32-5-686, எஸ்எம்பி, மாட்வெர்ஷன்ஸ் எல்லாம் ஓர் எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். பழைய மாட்யூலின் மேல் எழுத வேண்டாம். மாட்யூல் அடைவில் அப்டேட்ஸ் என்ற உள் அடைவில் போட்டு டெப்மாட் (மாட்யூல் பட்டியலைப் புதுப்பிக்கும் கட்டளை) ஓட்டினால் அதற்கே முன்னுரிமை. ஏதாவது தகராறு என்றால் அந்த ஒரு கோப்பை அழித்து மறுபடி டெப்மாட், பழைய நிலை திரும்பிவிடும்.

சோதனையை இண்டிகேட்டரில் ஆரம்பிக்கக் கூடாது. கேபிளின் டிபி9 (9 பின் சீரியல் முனை) இணைப்பில் 2, 3 பின்களை ஒரு கம்பியால் இணைத்து மினிகாம் என்ற சீரியல் மென்பொருளில் தட்டினால் தட்டிய எழுத்து திரும்பி வர வேண்டும். அப்புறம்தான் இண்டிகேட்டர்: 2-ம் 3-ம் குறுக்காக, 5 நேராக. எழுத்து கோணல்மாணலாக வந்தால் கேபிளைச் சந்தேகிக்கும் முன் இண்டிகேட்டர் மெனுவில் பாட் ரேட்டையும் (வேகம்) பாரிட்டியையும் (பிழை சோதனை பிட்) பாருங்கள். காம் போர்ட்டைச் சுட்டது மேடையிலிருந்து வரும் நீண்ட கேபிளில் ஏறிய மின்னல் அதிர்ச்சியாக இருக்கலாம்; நடுவில் ஆப்டிகல் ஐசொலேட்டர் போடாமல் புது கேபிளை மாட்டுவது நல்லதல்ல.

இப்போது 9600 வேகம், 8என்1-ல் (8 பிட், பாரிட்டி இல்லை, 1 நிறுத்த பிட்) எடை சுத்தமாக வருகிறது. போர்ட்டை மூடித் திறந்தாலும் பழைய எண் எட்டிப்பார்ப்பதில்லை. இந்த இண்டிகேட்டர் மூன்று கம்பிதான் என்பதால் ஆர்டிஎஸ்/சிடிஎஸ் பகுதி இன்னும் சோதிக்கப்படவில்லை. அதற்கு அந்தக் கம்பிகள் உள்ள சீரியல் பிரிண்டர் ஒன்றை மாட்டிப் பார்க்க வேண்டும்.