மான் தடத்தில் இரண்டு கேமராக்கள்

டெக்சாஸில் இருக்கும் மச்சான் தைப் பொங்கலுக்கு வந்தபோது, தான் பயன்படுத்திப் பழசான இரண்டு தானியங்கிக் கேமராக்களை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். மரத்தில் கட்டிவிட்டால் போதும், ஏதாவது உயிர் குறுக்கே போனால் அதுவே படம் எடுத்துக்கொள்ளும். அங்கே நவம்பர் முதல் சனிக்கிழமை மான் வேட்டைப் பருவம் தொடங்குகிறது. மச்சான் அதற்கு ஆகஸ்ட்டிலேயே நடக்க ஆரம்பித்துவிடுவாராம். எங்கே படுக்கிறது, எந்த வழியாகத் தண்ணீருக்கு வருகிறது, பரண் எந்த மரத்தில் கட்டினால் மானுக்கு நம் வாடை போகாது என்று பார்த்து வைப்பதற்கே இரண்டு மாதம் சரியாகிவிடும். "சுடுறது ஒரு நிமிஷம் மாப்ள, மத்ததெல்லாம் நடைதான்" என்றார். நம் புள்ளிமானே அங்கேயும் இருக்கிறது, 1932 வாக்கில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். வெளியிலிருந்து வந்த இனம் என்பதால் அதற்கு வருடம் முழுக்க வேட்டை உண்டு.

இங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1972 வனஉயிரினச் சட்டம் கட்டுப்படுத்தியது, 1991 திருத்தம் வேட்டைக் கதவை மொத்தமாக அடைத்துவிட்டது. எனக்கு வேண்டியது வேறு. சாயல்குடிப் பக்கம் சீமைக் கருவேலத்துக்குள் இருக்கும் மான்கள், கண்மாய் வற்றியதும் தண்ணீர் தேடிக் கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தாண்டுகின்றன. வண்டியில் அடிபடாமல் தப்பினால் ஊர் நாய்கள் விரட்டுகின்றன. சாலைக்கு வடக்கே எங்கள் பட்டா நிலத்தில் ஒரு தொட்டி வைக்க வேண்டும். ஆனால் எங்கே வைத்தால் அவை பயப்படாமல் வரும்? அதற்கு மச்சான் செய்யும் அதே வேலையைத்தான் நானும் செய்ய வேண்டியிருந்தது.

முதலில் தடம். எங்கள் ஊரில் எங்கே பார்த்தாலும் ஆட்டுக் குளம்புதான், அதில் மானைப் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. ஆட்டுக் கிடை போட வந்த கீதாரி ஐயாதான் கண்மாய்க் கரையில் உட்கார வைத்துக் காட்டினார். காய்ந்து வெடித்த சேற்றில் இரண்டு தடம் பக்கத்தில் பக்கத்தில். ஒன்று முனை மழுங்கி, இரண்டு விரலும் அகன்று, பெட்டி மாதிரி இருந்தது. மற்றது ஒடுங்கி, முனை ஊசியாக இறங்கியிருந்தது, விரலை வைத்தால் நுனி மட்டும் ஆழமாகத் தெரியும். "கூரா இறங்குறது மான், தம்பி" என்றார். அதற்கப்புறம் புழுக்கை, கொம்பு உரசித் தோல் உரிந்த மரம், நெற்று உதிர்ந்து கிடக்கும் நிழல் என்று ஒவ்வொன்றாகக் கண்ணில் பட ஆரம்பித்தது. மஞ்சளாகப் பழுத்த கருவேல நெற்று இனிப்பாக இருக்கும், ஆடு மாதிரியே மானும் அதைத் தேடித் தின்னும். இந்த மரம் நம் நிலத்தைக் கெடுத்தது உண்மை, எனக்கும் அதன்மேல் கோபம் உண்டு. ஆனால் இன்றைக்கு இந்த மான்களுக்கு வீடு அதுதான், ஒரே நாளில் எந்திரத்தை விட்டு வழித்தெடுத்தால் அவை எங்கே போகும்?

கேமரா கட்டுவதில் முதல் வாரம் எல்லாமே தப்பாகப் போனது. கிழக்கே பார்த்துக் கட்டினேன், காலைப் படமெல்லாம் வெள்ளை வெளேரென்று. வடக்கே பார்க்க வையுங்கள். முன்னால் ஆடும் கிளையை வெட்டிவிடுங்கள், வெயிலில் சூடேறிய கிளை காற்றில் அசைந்தால் கேமரா அதையும் உயிர் என்று நினைத்துக்கொள்கிறது. ஆயிரத்து நானூறு படத்தில் பாதிக்கு மேல் ஒரே கிளை. அந்தக் கருவி பார்ப்பது சுற்றுப்புறச் சூட்டுக்கும் உடல் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான், சித்திரை மதியத்தில் அந்த வித்தியாசமே குறைந்துவிடுவதால் எதிரே போகிற மாட்டைக்கூட விட்டுவிடுகிறது. நிழல் விழும் தரையைப் பார்க்க வைத்து, உணர்திறனைக் கூட்டி வைத்த பிறகு கொஞ்சம் தேவலை. இடுப்புக்குச் சற்றுக் கீழே, தடத்துக்கு நேர் குறுக்காக இல்லாமல் சாய்வாகக் கட்டினால் மான் வருவதும் போவதும் முழுசாகக் கிடைக்கும். குறுக்காகக் கட்டியபோது எனக்குப் பின்னங்கால் மட்டும்தான் கிடைத்தது.

உப்புக்காற்றைப் பற்றி மச்சானுக்கு எதுவும் தெரியாது, அவர் இருப்பது கடலிலிருந்து வெகு தூரம். மூன்றாவது வாரம் மூடியைத் திறந்தால் பேட்டரி தொடும் கம்பிச் சுருளெல்லாம் பச்சை பூத்திருந்தது. மூடி ஓரத்தில் எறும்பு முட்டை. இப்போது ஒவ்வொரு முறையும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, ஒரு சொட்டு வாசலின் தடவி, மருந்து டப்பாவில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றை உள்ளே போட்டுவிடுகிறேன்.

ஊருணிக் கரையில் மட்டும் கட்டாதீர்கள். நான் ஒரு நாள் கட்டினேன், பெண்கள் துணி துவைக்க வரும் இடம் என்று சாயங்காலம்தான் உறைத்தது, ஓடிப்போய் அவிழ்த்து, கேமராவின் நினைவக அட்டையில் இருந்ததைப் பார்க்காமலே அழித்தேன். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் காலே வைக்கக் கூடாது. என் நிலத்தில் வைப்பதையே வனக்காவலரிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் வைத்தேன்.

அப்புறம் காற்று. எல்லாவற்றையும் விட இதைத்தான் சொல்ல வந்தேன். தடம், நெற்று, தண்ணீர் மூன்றும் சரியாக இருந்தாலும் மனுச வாடை போகிற திசையில் மான் இருந்தால் எதுவும் வராது. எங்கள் பக்கம் கடல் தெற்கே, கருவேலங்காடு வடக்கே. விடியற்காலை கரைக்காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். அப்போது தொட்டிக்குத் தெற்கே உட்கார்ந்தால் நம் வாடை கடலுக்குப் போய்விடும். முன்மதியத்துக்கு மேல் கடல்காற்று திரும்பிவிடும். சாயங்காலம் அதே இடத்தில் உட்கார்ந்தால் நம் வேர்வை நேராகக் காட்டுக்குள் போகிறது. பத்து நாள் சாயங்காலம் அங்கேயே உட்கார்ந்து ஒரு மானும் பார்க்காமல் எழுந்து வந்திருக்கிறேன், நான் போன பிறகு நள்ளிரவில் அவை வந்து போனதைக் கேமரா காட்டியது. அதனால் இப்போது இரண்டு மறைவிடம். காலைக்குத் தெற்கே ஓலைத் தட்டி. சாயங்காலத்துக்குக் கிழக்கே, பனையேறும் அண்ணாச்சி பதநீர் காய்ச்சிய பழைய விடிலிக் குடிசை. அந்தப் புகை வாடை மான்களுக்குப் பழகியதுதான் போல, அங்கே உட்கார்ந்தபோது ஒரு கொம்பன் மான் நாற்பது அடிக்குள் வந்து நின்று காதை மட்டும் திருப்பியது. மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தேன். ஈச்சங்காய் நிறத்தில் முதுகு, வரிசை பிசகாத வெள்ளைப் புள்ளி, கொம்பில் இன்னும் உரிந்து தொங்கும் தோல்.

எந்த நிலம், எந்தக் கண்மாய் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். நாட்டுத் துப்பாக்கியோடு அலைகிறவர்களும் இதைப் படிக்கலாம். நீங்கள் படம் போட்டாலும் இடக்குறிப்பை அழித்துவிட்டுப் போடுங்கள்.

போன வாரம் சிமெண்டுத் தொட்டி இறக்கியாயிற்று. குட்டி ஏறி வெளியே வரும்படி ஒரு ஓரத்தைச் சரிவாகப் பூசச் சொன்னேன். நான்காம் நாள் அதிகாலை 4.12 மணிப் படத்தில் ஒரு பெட்டையும் குட்டியும் குனிந்து நிற்கின்றன. அதே அட்டையில் 4.40க்கு மூன்று நாய்கள். இதற்கு என்ன செய்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன், வடக்குப் பக்கம் முள்வேலி அடைத்து மான் தாவும் உயரத்துக்கு விடலாமா என்று அண்ணாச்சியிடம் கேட்டிருக்கிறேன். கச்சான் காற்று எழும்பினால் பகலும் இரவும் மேற்கிலிருந்துதான் வீசும், விடிலியும் தட்டியும் இடம் மாற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறோம்.