ஓவர்லாக் மெஷினும் ராஜா பாட்டும்

திருப்பூர்ல ஓவர்லாக், அதான் பனியன் துணி ஓரத்த சேர்த்து தைக்கற மெஷின், அடிக்க ஆரம்பிச்சு எனக்கு பதினெட்டு வருஷம் ஆச்சு, அதுல பாதிக்கு மேல கூலிக்கு தைச்சுக் குடுக்கற ஒரே ஜாப் வொர்க் யூனிட்டுல தான் ஓட்டினேன். காலைல எட்டரைக்கு மெஷின்ல உக்காந்தா ராத்திரி எட்டரை, ஒன்றரை ஷிப்ட், அந்த நேரம் பூரா தலைக்கு மேல ஸ்பீக்கர்ல இளையராஜா பாட்டு தான். மெஷின் இரைச்சல்ல வரிகள் பாதி காதுல விழாது. கீழ ஓடற பேஸ் கிடார் மட்டும் நல்லா கேக்கும், பாடறவங்க மூச்சு வாங்கற இடத்துல அது தனியா நாலு எட்டு நடந்து போய்ட்டு திரும்பி வரும் பாருங்க, அந்த இடம் வந்தா என் கால் தானா பெடல அமுக்கும், துணி கோணாம ஓடும். ஒரு பாட்டு முடியறதுக்குள்ள பத்து பீஸ் தோள்பட்டை ஜாயிண்ட் அடிச்சுட்டா அன்னைக்கு கை நல்லா ஓடுதுன்னு அர்த்தம். பீஸ் ரேட்டுக்கு அடிக்கறவங்களுக்கு இது சின்ன விஷயம் இல்ல.

பாட்டு போடறது எங்க கட்டிங் மாஸ்டர். எழுபதை நெருங்கின மனுஷன், பழைய சங்கத்துக்காரர். சின்ன வயசுல கட்சி மேடையில பாவலர் வரதராஜன் பாடி நேர்ல கேட்டவரு. பாவலர் ராஜாவோட அண்ணன், 1958ல கேரளாவுல தேவிகுளம் இடைத்தேர்தல் நடந்தப்ப கம்யூனிஸ்ட் கட்சிக்காக ஊர் ஊரா பாடினவரு, பண்ணைப்புரத்துல இருந்து கிளம்பின அந்த தம்பிங்க ஒவ்வொரு கூட்டத்துக்கும் அவர் பின்னாடி ஆர்மோனியத்தோட சுத்தினதெல்லாம் மாஸ்டர் துணி விரிச்சுக்கிட்டே சொல்லுவாரு. "இது நம்ம மேடையில வளர்ந்த கை அம்மணி"ன்னு சொல்லும்போது அவர் முகத்த பாக்கணும்.

2022 ஏப்ரல்ல ஒரு புத்தகத்துக்கு ராஜா எழுதின முன்னுரை நியூஸ்ல வந்துச்சு. அம்பேத்கரையும் பிரதமர் மோடியையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, ரெண்டு பேரும் ஒடுக்குமுறையயும் வறுமையயும் கிட்ட இருந்து பார்த்தவங்கன்னு எழுதியிருந்தாரு. எங்க வீட்டுல சாமி படத்துக்கு பக்கத்துல அம்பேத்கர் படம் மாட்டியிருக்கு, எங்கப்பா மாட்டினது. டீ டைம்ல மொபைல்ல அத படிச்சப்ப எனக்கு டீ இறங்கல. ஏன்னு கேட்டா நான் வாழ்ந்தத தான் சொல்லுவேன். 2016 நவம்பர்ல 500, 1000 செல்லாதுன்னு சொன்ன அந்த வாரம் சனிக்கிழமை சம்பளம் பழைய நோட்டா கைக்கு வந்துச்சு, மாத்தறதுக்கு பேங்க் வாசல்ல நின்னு ரெண்டு நாள் வேலை போச்சு. மறு வருஷம் ஜூலைல ஜிஎஸ்டி வந்துச்சு, பில்லு போடத் தெரியாத சின்ன யூனிட்டுங்க திணறினத பக்கத்துல இருந்து பார்த்தேன். இந்த முன்னுரை வந்து ஒரு மாசத்துல நூல் விலை ஏத்தம் தாங்காம மே 16, 17 ரெண்டு நாள் ஊரே கடையடைச்சு வேலைநிறுத்தம் பண்ணுச்சு, அந்த ரெண்டு நாள் கூலி எனக்கு இல்ல. இதெல்லாம் பார்த்தவளுக்கு அந்த ஒப்பீடு எப்படி சரின்னு படும்? அவருக்கு அப்படி நினைக்க உரிமை இருக்கு, தப்புன்னு சொல்ல எனக்கும் இருக்கு.

மாஸ்டர் ஒண்ணும் பேசல. மறுநாள் காலைல வந்து பென்டிரைவ உருவி சட்டைப் பைல போட்டுக்கிட்டாரு, அவ்வளவு தான். அதுக்கப்புறம் எஃப்எம் ஓடுச்சு, விளம்பரம் விளம்பரமா. எனக்கு கை ஓடல, செக்கிங்ல இருந்து ரெண்டு கட்டு திரும்பி வந்துச்சு. மூணாவது நாள் போய், மாஸ்டர் பாட்டு என்னங்க பண்ணுச்சு, அந்த முன்னுரை எனக்கும் தான் ஆகலன்னு கேட்டுட்டேன். அவர் கத்தரிய கீழ வச்சுட்டு, "பாட்டு ஒண்ணும் பண்ணல அம்மணி, கேட்டா அவங்க அண்ணன் ஞாபகம் வருது"ன்னாரு. அதுக்கு மேல நான் என்ன சொல்ல.

கலைய தனியா பாரு, கலைஞன தனியா பாருன்னு நிறைய பேரு சொல்றாங்க. என்னால அப்படி பிரிக்க முடியல, பிரிக்கவும் எனக்கு இஷ்டமில்ல. அந்த இசைக்குள்ள எங்க ஊர் சாவு வீட்டு ஒப்பாரி இருக்கு, நாத்து நடற பாட்டு இருக்கு, எங்க சனம் அடிக்கற பறை இருக்கு, இதெல்லாம் சினிமாவுல தலை நிமிந்து கேட்டதாலதான் நான் அவர என் மனுஷன்னு நினைச்சேன். வேற யாராவது அப்படி எழுதியிருந்தா பக்கத்த தள்ளிட்டு போயிருப்பேன், அவர் எழுதினதால தான் வலிச்சுது. அந்த ஜூலைல அவர மாநிலங்களவைக்கு நியமன எம்பியா அறிவிச்சப்ப கம்பெனில ரெண்டு பேரு லட்டு குடுத்தாங்க, நான் வாங்கிக்கல.

இன்னொண்ணையும் சொல்லணும். அப்ப அவர திட்டறேன்னு கிளம்பினவங்கள்ல சில பேரு கருத்த விட்டுட்டு அவர் பிறப்ப இழுத்தாங்க. நம்ம பக்கம் நிக்கறவங்கன்னு நான் நினைச்சவங்க வாயிலயே அது வந்துச்சு. லைன்ல ஒருத்தர் அப்படி ஆரம்பிச்சப்ப நான் மெஷின நிறுத்திட்டு எந்திரிச்சு கேட்டுட்டேன், அவர் எழுதினது தப்புன்னா எழுதினத பத்தி பேசுங்க, அவர் எந்த தெருவுல பொறந்தா உங்களுக்கு என்னன்னு. அன்னைக்கு முழுக்க கை நடுங்கிக்கிட்டே இருந்துச்சு. அந்த ஆளு அதுக்கப்புறம் என்கூட பேசறதில்ல, பரவால்ல.

நான் பாட்ட விடல. ஒரு காதுல மட்டும் இயர்போன் மாட்டிக்கிட்டு, இன்னொரு காத சூப்பர்வைசர் கூப்பிட்டா கேக்கறதுக்கு விட்டுட்டு, அதே பாட்டுங்கள தான் போட்டேன். கோபம் குறையல. கோபத்தோடயே கேட்டேன், பீஸும் ஓடுச்சு.

மாஸ்டர் 2023ல கண்ணு சரியில்லன்னு வேலைய விட்டுட்டாரு. 2025 மார்ச் 8, சனிக்கிழமை, லண்டன்ல ராஜா சிம்பொனி நடந்துச்சு. நான் சம்பளம் வாங்கிட்டு வீட்டுக்கு வந்து சமைச்சு முடிச்சுட்டு நடுராத்திரி வரைக்கும் முழிச்சிருந்தேன், லைவா பாக்க வழி இல்ல, மொபைல்ல வந்த போட்டோவ பார்த்துக்கிட்டே தூங்கிட்டேன். ஞாயித்துக்கிழமை காலைல ஏழு மணிக்கெல்லாம் மாஸ்டர் போன்.

"அம்மணி, அங்க நல்லபடியா முடிஞ்சுதாமா?"

முடிஞ்சுதுங்க மாஸ்டர், எல்லாரும் எந்திரிச்சு கை தட்டினாங்களாம்னு சொன்னேன். சரின்னாரு. கொஞ்ச நேரம் லைன்ல ஒண்ணும் சத்தம் இல்ல. அப்புறம் சங்கக் கூட்டம் எப்பன்னு கேட்டாரு.