முகவரிகள் யார் கையில் இருக்கின்றன?

நான் படம் வரைந்து பிழைக்கிறவள். 12 வருடமாக இதுதான் வேலை. அதில் முதல் 7 வருடம், எனக்கு வந்த ஆர்டர்களில் முக்கால்வாசி ஒரே ஒரு சமூக வலைத்தளம் வழியாக வந்தவை. ஒருநாள், எந்தப் பதிவை யாருக்குக் காட்டுவது என்ற கணக்கை அவர்கள் மாற்றிவிட்டார்கள், வீடியோ முன்னே போனது, அசையாத படம் பின்வரிசைக்குத் தள்ளப்பட்டது. என் கை மாறவில்லை, என் படங்களை விரும்பியவர்களும் மாறவில்லை, ஆனால் நான் வரைந்தது அவர்கள் கண்ணில் படவே இல்லை. மூன்றே மாதத்தில் வருமானம் பாதியாகிவிட்டது. ஆயிரக்கணக்கானோர் பின்தொடர்கிறார்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்களில் ஒருவருடைய மின்னஞ்சல் முகவரிகூட என்னிடம் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

இது எனக்கு மட்டும் நடந்ததில்லை. மைஸ்பேஸ் தளத்தில் இசைக்கலைஞர்கள் ஏற்றிவைத்திருந்த பாடல்கள், 2015க்கு முந்தையவை, சர்வர் மாற்றும்போது அழிந்துபோனதாக 2019இல் தெரியவந்தது. 5 கோடிக்கும் மேற்பட்ட பாடல்கள் என்றார்கள். வேறு பிரதி வைத்திருக்காதவர்களுக்கு அவ்வளவுதான். இசைக்கலைஞர்கள் தங்கள் பாடல்களை நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் நல்ல தளம், 2020இல் கொரோனா முடக்கத்தின்போது குறிப்பிட்ட வெள்ளிக்கிழமைகளில் தன் பங்கை எடுக்காமல் விற்பனைப் பணத்தைக் கலைஞர்களுக்கே விட்டது, அதை நன்றியோடுதான் நினைக்கிறேன். ஆனால் 2022இல் எபிக் கேம்ஸ் என்ற வீடியோ கேம் நிறுவனம் அதை வாங்கியது, 2023இல் சாங்டிரேடர் என்ற இசை உரிம நிறுவனத்திடம் கைமாறியது, ஊழியர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு வேலை போனது. நல்ல வீட்டுக்காரர் கிடைத்தாலும் வாடகை வீடு வாடகை வீடுதான்.

அமெரிக்க எழுத்தாளர் கெவின் கெல்லி 2008இல் எழுதிய 'ஆயிரம் உண்மை ரசிகர்கள்' கணக்கு பலருக்கும் தெரிந்திருக்கும். வருடத்துக்கு ஆளுக்கு 100 டாலர் செலவழிக்கும் ஆயிரம் பேர் இருந்தால் ஒரு கலைஞர் வாழ்ந்துவிடலாம் என்பது. எல்லோரும் ஆயிரத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு மீதியை மறந்துவிடுகிறார்கள். அந்தப் பணம் இடையில் யாருக்கும் போகாமல் நேராக உங்களிடம் வரவேண்டும் என்பதும் அவர் சொன்ன நிபந்தனைதான், என்னைக் கேட்டால் எண்ணைவிட அதுதான் முக்கியம். இன்னொன்றையும் நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மாதச் சந்தாவில் 100 பேருக்கு 5 பேர் விலகுவது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் ஒவ்வொரு மாதமும் அதே வேகத்தில் விலகினால் வருடக் கடைசியில் ஏறக்குறைய பாதிப்பேர் இருக்கமாட்டார்கள். அதனால் புது ஆளைத் தேடுவதைவிட, இருப்பவர்களுக்குக் கடிதம் எழுதவே அதிக நேரம் செலவிடுகிறேன். மாதம் இரண்டு மின்னஞ்சல், என்ன வரைகிறேன், எங்கே சிக்கிக்கொண்டேன், எது விற்பனைக்கு இருக்கிறது, அவ்வளவுதான். முகவரிப் பட்டியல் என் கணினியில் இருக்கிறது, மாதாமாதம் பிரதி எடுத்துவைக்கிறேன். பட்டியலில் 640 பேர்தான். ஆனால் அவர்கள்தான் என்னை வாழவைக்கிறார்கள்.

சரி, ஆள் இருந்தால் போதுமா? போதாது. தனியாக உட்கார்ந்து தொழில் செய்கிறவருக்குக் கூலி எவ்வளவு கேட்பது என்றே தெரியாது. மற்றவர் என்ன வாங்குகிறார் என்று தெரியாமல் இருப்பதால் லாபம் வேலை கொடுப்பவருக்குத்தான். 1947இல் ராபர்ட் கபா, கார்ட்டியே பிரெஸ்ஸோன் போன்ற புகைப்படக் கலைஞர்கள் மேக்னம் அமைப்பைக் கூட்டுறவாகத் தொடங்கினார்கள். எடுத்த படத்தின் உரிமை பத்திரிகைக்குப் போகாமல் எடுத்தவரிடமே இருக்கவேண்டும் என்று நின்றார்கள். இத்தனை தொழில்நுட்பம் மாறியும் அந்த அமைப்பு இன்னும் இருக்கிறது. அவர்கள் அளவுக்கு நாங்கள் பெரிய ஆட்கள் இல்லை, ஆனால் அந்தச் சிந்தனை எனக்கு ரொம்பப் பிடித்தது, ஆறு பேர் சேர்ந்தோம். ஆளாளுக்கு வருமானத்தில் 5 சதவீதம் பொதுநிதிக்குப் போகிறது. வேலை இல்லாத மாதத்தில் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், யாரும் காரணம் கேட்கமாட்டோம். கூலி விவரத்தை ஒருவருக்கொருவர் ஒளிக்கமாட்டோம். ஒப்பந்தம் வந்தால் இன்னொருவர் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவதில்லை. தொடக்கத்தில் பணத்தைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருந்தது, இரண்டு பேர் கிட்டத்தட்ட சண்டையே போட்டார்கள், அப்புறம் பழகிவிட்டது.

செயற்கை நுண்ணறிவு வந்தபிறகு இந்தக் கூட்டு இன்னும் அவசியமாகிவிட்டது. 2023இல் அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்துதான், எழுத்தாளரைச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதை ஒப்பந்தத்தில் சேர்க்கவைத்தார்கள். தனி எழுத்தாளர் ஒருவர் போய்க் கேட்டிருந்தால் வேறு ஆளைப் பார்த்திருப்பார்கள். போன வாரம் எங்களில் நான்கு பேருக்கு ஒரே இடத்திலிருந்து ஒப்பந்தம் வந்தது, எங்கள் படங்களை மென்பொருளுக்குப் பயிற்சி கொடுக்கப் பயன்படுத்தலாம் என்று ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரி. நான்கு பேரும் அதே வரியை அடித்துவிட்டு, அதே பதிலை அனுப்பினோம். இரண்டு பேருக்கு ஒத்துக்கொண்டு திருத்தி அனுப்பிவிட்டார்கள். எனக்கும் இன்னொருவருக்கும் இன்னும் பதில் வரவில்லை. வெள்ளிக்கிழமை ஆறு பேரும் கூடி, திருத்திய ஒப்பந்தம் கிடைத்த இரண்டு பேரும் எங்களுக்குப் பதில் வரும்வரை வேலையைத் தொடங்காமல் இருப்பதா என்று பேசப்போகிறோம்.