இனிப்பை ஒதுக்கிய கரப்பான்

கரப்பானுக்கு மருந்து வைக்க ஆள் வந்தார். ஸ்ப்ரே எல்லாம் வேண்டாம் என்று, கேஸ் அடுப்புக்குக் கீழேயும் பிரிட்ஜுக்குப் பின்னாலும் ஜெல்லைப் பொட்டுப் பொட்டாக வைத்தார். "இனிப்பா இருக்கும் சார், தின்னுட்டு தானா சாகும்."

ராத்திரி லைட்டைப் போட்டால், ஒரு சின்னப் பழுப்புக் கரப்பான் பொட்டை மீசையால் தடவிப் பார்த்துவிட்டு விலகிப் போனது. சுகர் மாத்திரையோடு மைசூர்பாகையும் விழுங்குகிற அப்பாவை அம்மா பார்த்தார். "அதுக்கு இருக்கிற கட்டுப்பாடு உங்களுக்கு இல்லை."

அப்பாவுக்கு ரோஷம். அவருக்காக நான் வாதாட வேண்டியதாயிற்று.

இது கட்டுப்பாடே இல்லை, பரம்பரை. எங்கள் வீட்டுக் கரப்பான் ஏன் ஒதுங்கியது என்பது அதற்கே வெளிச்சம். ஆனால் 1980களில் அமெரிக்காவில் குளுக்கோஸ் கலந்த விஷத்தை வைத்தபோது, சில வருடங்களிலேயே அதைத் தொடாத கரப்பான்கள் பெருகிவிட்டன. வெறுப்பு பிள்ளைகளுக்கும் இறங்குகிறது என்று 1993இல் பூச்சியியலாளர் ஜூல்ஸ் சில்வர்மேன் காட்டினார். கசப்பை உணரும் நரம்பணுக்கள் அவற்றுக்குக் குளுக்கோஸைத் தொட்டாலும் துடிக்கின்றன என்பது 2013இல் தெரியவந்தது. எதுவும் யோசித்துத் திருந்தவில்லை. அப்படிப் பிறந்த சில கரப்பான்கள் தப்பின, இனிப்புப் பிரியர்கள் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு முட்டைக்கூட்டில் 30, 40 குஞ்சு என்றால் மிச்சத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். (பெயர் ஜெர்மன் கரப்பான். பூர்வீகம் இந்தியா, மியான்மர் பக்கம் என்கிறது 2024இல் வந்த மரபணு ஆய்வு.)

அம்மா அசரவில்லை. அதனால் கல்யாணக் கதைக்குப் போனேன். ஆண் கரப்பான் சிறகைத் தூக்கி முதுகில் இனிப்பு சுரக்கும். பெண் ஏறி நக்கும்போதுதான் காரியம் நடக்கும். அந்த இனிப்பில் உள்ள மால்டோஸ் என்ற சர்க்கரை பெண்ணின் எச்சில் பட்டதும் குளுக்கோஸாகிவிடுகிறது. குளுக்கோஸ் பிடிக்காத பெண்ணுக்குக் கசந்துபோய், பாதியில் எழுந்து போய்விடும்.

"ஐயோ, அப்புறம்?" என்றார் அம்மா.

அந்த வம்சத்து ஆண்களின் சுரப்பும் மாறிவிட்டது. அதில் மால்டோட்ரையோஸ் அதிகம். மூன்று குளுக்கோஸ் கோத்த சர்க்கரை, எச்சிலில் சீக்கிரம் உடையாது. கசப்பு தெரிவதற்குள் காரியம் முடிந்துவிடும்.

அதுவரை பேசாமல் இருந்த அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "மெதுவாத்தான் குளுக்கோஸாகுமா? அதுல மைசூர்பாகு செய்ய வருமா?"