கண்ணைச் சிமிட்டினால் பென்ஷன்

நவம்பர் வந்தாலே வீட்டில் ஒரே பரபரப்பு. மத்திய அரசு ஓய்வூதியர்கள் ஆண்டுக்கு ஒருமுறை தாங்கள் உயிரோடிருப்பதைச் சான்று காட்டியாக வேண்டுமே! (80 வயது தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுத்துவிடலாம்.) முன்பு அதற்காக வங்கி வரிசை. இப்போது ஜீவன் பிரமாண் செயலி இருக்கிறது. 2021 இறுதியில் முக அடையாள வசதியும் வந்ததால் கைரேகைக் கருவிகூட வேண்டாம். ரேகை தேய்ந்துபோன பெரியவர்களுக்கு அது பெரிய நிம்மதி.

அப்பா செல்ஃபி கேமராவை முறைத்துப் பார்ப்பார். செயலி கண்ணைச் சிமிட்டச் சொல்லும். "இந்த வயசுல யாரைப் பார்த்துடா கண்ணடிக்கிறது?" என்பார். அம்மா சிரிக்க, அவரும் சிரிக்க, போன் ஆடிவிடும். அப்புறம் மறுபடி முதலிலிருந்து.

இதே மனிதர் வாட்ஸ்அப்பில் ஒரு வரி தட்டச்சு செய்ய மாட்டார். எல்லாம் குரல் பதிவுதான், "ஹலோ, நான் அப்பா பேசறேன்" என்ற முன்னுரையோடு.

எனக்குப் பயமெல்லாம் வேறு. 'பென்ஷன் ஆபீஸ்லேருந்து பேசறோம், ஓடிபி சொல்லுங்க' என்று அழைக்கிற கூட்டம் பெருகிவிட்டது. அப்படி யார் கேட்டாலும் பட்டென்று வைத்துவிடச் சொல்லியிருக்கிறேன். பணம் பறிபோனால் உடனே கூப்பிட வேண்டிய 1930 எண்ணையும் அவர் போனில் சேமித்தேன். அவருக்கு அதில் நம்பிக்கையில்லை. தினசரி காலண்டர் அட்டையிலும் எழுதிக்கொண்டார், கேஸ் புக்கிங் நம்பருக்குக் கீழே.