கேஸ்கட் மேல மட்டும் பழி போடாதீங்க

கோரிமேடு பக்கம் ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன், ஏற்காடு ரோட்டுலயே இருக்கறதால சூடேறி வர்ற வண்டிக்கு பஞ்சமே இல்ல. மே மாசம்னா கேக்கவே வேணாம். 20 கொண்டை ஊசி வளைவு, ஃபுல் லோடு, ஏசி வேற, செகண்ட் கியர்லயே ஏத்துவாங்க. மெதுவா போறதால ரேடியேட்டருக்கு எதிர்காத்து பத்தாது, மொத்த பாரமும் ஃபேன் தலைல தான்.

போன வருஷம் ஒரு சார் வண்டிய கயிறு கட்டி இழுத்துட்டு வந்தாங்க. "டெம்பரேச்சர் முள்ளு மேல போச்சுங்க, அப்புறம் தானாவே எறங்கிடுச்சு, சரியாயிடுச்சுன்னு ஓட்டிட்டேன்"னாரு. எனக்கு வயித்துல புளிய கரைச்சுது. முள்ளு எறங்குனது சூடு கொறஞ்சு இல்ல, தண்ணியே காலி, சென்சார் தண்ணிக்குள்ள முங்கி இருந்தா தானே சரியா காட்டும். ஆயில் மூடிய தொறந்தா உள்ள பால் காப்பி நுரை மாதிரி அப்பிக்கிட்டிருக்கு, தண்ணி ஆயில்ல கலந்துடுச்சு, ஹெட் கேஸ்கட் போச்சு.

"கேஸ்கட் டூப்ளிகேட்டா போட்டிருப்பாங்களோ?"ன்னு கேட்டாரு. எல்லாரும் கேக்கறது தான். பாவம், அது இன்ஜினோட மேல் பாகம் ஹெட்டுக்கும் கீழ் பாகம் பிளாக்குக்கும் நடுவுல சிக்குன தகடு. ஒரு பக்கம் வெடிக்கிற கேஸ், ஒரு பக்கம் இன்ஜின் சூட்ட ஆத்துற கூலண்ட், இன்னொரு பக்கம் ஆயில், மூணும் ஒன்னோட ஒன்னு கலக்காம புடிச்சு வைக்கணும். டயர்ல நாம 30 பிஎஸ்ஐ அடிக்கிறோம், பெட்ரோல் இன்ஜின் உள்ள நல்லா இழுக்கறப்ப 700, 800ஐ தாண்டும், டீசல்னா இன்னும் ஜாஸ்தி. ஹெட் அலுமினியம், அந்த வண்டில பிளாக் வார்ப்பிரும்பு, ஒரே சூட்டுக்கு அலுமினியம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும். டெய்லி சூடாகி ஆறுறப்ப ரெண்டும் ஒன்னு மேல ஒன்னு தேய்க்கும், நடுவுல இருக்கறது தாங்கிக்கும். அளவுக்கு மேல சூடானா தான் ஹெட் கோணிக்கும், அப்புறம் போல்ட்டு அழுத்தம் எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி விழாது, லூசான எடத்துல கேஸ் பூந்துடும்.

தொழில் கத்துக்கிட்ட புதுசுல நானே ஒரு வண்டிக்கு புது கேஸ்கட் மட்டும் போட்டு, போல்ட்டையும் கைக்கணக்குல முறுக்கி அனுப்புனேன். ஒரே மாசத்துல திரும்பி வந்துச்சு. ஹெட் கோணியிருக்கான்னு அது மேல நேர் பட்டை (ஸ்ட்ரைட் எட்ஜ்) வச்சு, சந்து அளக்கற மெல்லிசு தகடு (ஃபீலர் கேஜ்) விட்டுப் பாக்கணும்னு எங்க மேஸ்திரி சொன்னத அன்னைக்கு நான் காதுலயே வாங்கல, இப்ப தலைமுடி கனம் சந்து இருந்தாலே மட்டமா சீவற பேசிங் வேலைக்கு லேத்துக்கு அனுப்பிடுவேன், முறுக்க அளந்து காட்டுற டார்க் ரெஞ்ச் இல்லாம ஹெட் போல்ட்ட தொடவே மாட்டேன்.

சார் வண்டிக்கும் பேசிங் பண்ணி, புது கேஸ்கட், புது போல்ட்டு எல்லாம் போட்டாச்சு. ஆனா ஏன் சூடாச்சுன்னு தெரியாம சாவிய குடுக்க மனசு வரல. இன்ஜின ஐடில்ல ஓட விட்டுட்டு பக்கத்துலயே நின்னேன், முள்ளு ஏறுது, ஃபேன் சுத்தவே இல்ல. ஃபேனுக்கு கரண்ட் விடற சுவிட்ச் மாதிரியான ரிலேய கழட்டுனா காலு கருகிப்போய் கெடக்கு. அந்த சின்ன சாமானுக்கு இவ்ளோ பெரிய வேலை. ரேடியேட்டர்ல போர் தண்ணி ஊத்தி ஊத்தி உப்பு வேற படிஞ்சிருந்துச்சு, கழுவி கூலண்ட் ஊத்தி அனுப்புனேன்.

ரெண்டு மாசம் கழிச்சு ஏரிக்கரைல நின்னுக்கிட்டு ஃபோன் பண்றாரு: "அண்ணே, வண்டிய ஆஃப் பண்ணிட்டேன், ஃபேன் மட்டும் ஓடிட்டே இருக்கு, என்னாச்சு?"

"ஓடட்டும் சார், சூடு ஆறுனா தானா நிக்கும், நீங்க போய் மொளகா பஜ்ஜி சாப்டுங்க"ன்னேன்.